கோல்ட்டாப்ப பர்ஸ்ட்டா மாத்துனா விலை ஏறுமா, இறங்குமா? பழைய கிட்டார் கன்வெர்ஷன் கணக்கு

2025 ஜனவரில லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்துல ராக் கிட்டாரிஸ்ட் ஜெஃப் பெக் வெச்சிருந்த ஒரு கிப்சன் லெஸ் பால் கிட்டார் 10,68,500 பவுண்டுக்கு போச்சு, நம்ம காசுக்கு பதினோரு கோடிக்கு மேல. ஏலக்காரங்களே அதுக்கு மூன்றரை லட்சத்துல இருந்து அஞ்சு லட்சம் பவுண்ட் வரைக்கும் தான் கணக்கு போட்டு வெச்சிருந்தாங்க. அந்த கிட்டார் 1954ல ஃபேக்டரிய விட்டு வந்தப்ப தங்க கலர். அப்புறம் அந்த தங்கத்த எடுத்துட்டு, காஞ்ச ரத்தம் மாதிரி ஒரு கரும்பழுப்பு அடிச்சு, கம்பி அதிர்வ மின் சிக்னலா மாத்தற பிக்கப்ல ஒரிஜினல கழட்டிட்டு வேற பிக்கப்புக்கு குழி தோண்டி, இவ்ளோ வேலையும் முடிஞ்ச நிலமைல தான் 1972ல மெம்ஃபிஸ்ல ஒரு கடைல பெக் அதை வாங்கினாரு. அதோட செல்லப்பேரே ஆக்ஸ்ப்ளட்.

இப்ப இன்னொரு பக்கம் பாருங்க. பழைய கிட்டார் வாங்கி விக்கற எவர் கிட்ட கேட்டாலும் ஒரே வரி தான் வரும்: பெயிண்ட் மாத்தியாச்சுன்னா பாதி விலை. பிக்கப் மாத்தியிருந்தா அதுக்கும் கீழ. அப்ப அந்த பதினோரு கோடி எங்க இருந்து வந்துச்சு? அதோட கோல்ட்டாப்ங்கற பழைய தங்க கலர் லெஸ் பால, பின்னாடி வந்த சிவப்பு-மஞ்சள் பர்ஸ்ட் மாடல் மாதிரி மாத்தித் தர்றதுன்னு கன்வெர்ஷன்ங்கற பேர்ல ஒரு தொழிலே பல வருஷமா நடக்குதே, விலை பாதியாகும்னா காசு குடுத்து அதை யாரு செய்வாங்க?

பதில் இருக்கு, ஆனா அடில இருந்து வரணும்.

ஒரே மரம், எட்டு வருஷம், ஆறு அவதாரம்

லெஸ் பால்ங்கறது ஒரு அமெரிக்க கிட்டாரிஸ்ட் பேரு. அவர் பேர்ல கிப்சன் கம்பெனி மிச்சிகன்ல கலமசூங்கற ஊர் ஃபேக்டரில 1952ல விட்ட மாடல் இது. உடம்பு மஹாகனி, அது மேல மேப்பிள்ல ஒரு தொப்பி, நெக்கும் மஹாகனி, விரல் ஓடற பலகை பிரேசில் ரோஸ்வுட். இந்த மர விஷயம் 1952ல இருந்து 1960 வரைக்கும் பெருசா மாறவே இல்ல. இத நல்லா மனசுல வெச்சுக்கங்க, மொத்த கன்வெர்ஷன் தொழிலும் இந்த ஒரு விஷயத்து மேல தான் நிக்குது. மாறினது எல்லாம் நெக் சாய்வு, மேல மாட்டற சாமான், பெயிண்ட்.

1. 1952: மேல தங்க பெயிண்ட், அதனால கோல்ட்டாப்னு பேரு. பி-90ன்னு சொல்ற சிங்கிள் காயில் பிக்கப் ரெண்டு. கம்பிய பிடிக்கறதுக்கு ட்ரபீஸ்னு ஒரு நீட்டு கம்பிச் சட்டம், ஊஞ்சல் மாதிரி பின்பக்கத்துல இருந்து வரும்.

2. 1953: ட்ரபீஸ் போய், உடம்புல நேரா ரெண்டு போல்ட் இறக்கி அதுல மாட்டற ஒத்தைக் கட்டை வந்துச்சு, கம்பி அதை சுத்தி மேல வரும். நெக் சாய்வும் கொஞ்சம் கூட்டினாங்க.

3. 1955 கடைசில: ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியா நீளம் திருத்தற ட்யூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜ், பிரிட்ஜ்னா கம்பிய தாங்கற கட்டை.

4. 1957: பி-90 போய் ஹம்பக்கர்ங்கற ரெட்டைக் காயில் பிக்கப். இது தான் பெரிய மாற்றம்.

5. 1958 நடுவுல: தங்கம் போய் செர்ரி சன்பர்ஸ்ட். நடுவுல மஞ்சள், ஓரத்துக்கு போகப்போக சிவப்பு, அடில மேப்பிள் மரத்தோட ரேகை கண்ணாடி மாதிரி தெரியும். இதத்தான் சுருக்கமா பர்ஸ்ட்ங்கறாங்க.

6. 1960 முடிய: விக்கல. ஆமா, இன்னிக்கு கோடிக் கணக்குல விலை போற கிட்டார் அன்னிக்கு விக்காம கெடந்துச்சு. கம்பெனி அந்த டிசைனயே நிறுத்திட்டு ரெண்டு கொம்பு வெச்ச வேற உடம்புக்கு போயிடுச்சு, இப்ப எஸ்ஜின்னு சொல்றது அதைத்தான்.

பர்ஸ்ட் மொத்தமே ஆயிரத்து ஐநூறு சொச்சம் தான் பண்ணியிருப்பாங்கன்னு பொதுவா சொல்றாங்க. அதுக்கு முன்னாடி வந்த கோல்ட்டாப் பல ஆயிரம். 1966ல ஜான் மேயால் பேண்டோட எரிக் கிளாப்டன் ஒரு பர்ஸ்ட்ட மார்ஷல் ஆம்ப்ல முறுக்கி விட்டு வாசிச்ச ஆல்பம் வந்துச்சு, அமெரிக்கால மைக் ப்ளூம்ஃபீல்ட் தன்னோட 1954 கோல்ட்டாப்ப குடுத்துட்டு ஒரு 1959 பர்ஸ்ட் வாங்கினாரு, அவ்ளோதான், எல்லாருக்கும் அதே வேணும்னு ஆகிப்போச்சு. நிறுத்துன பொருளுக்கு கிராக்கி. நம்ம ஊர்ல ஆர்எக்ஸ் 100 கதை தான் இது: 1985ல இருந்து 1996 வரைக்கும் தான் பண்ணாங்க, நின்னதுக்கு அப்புறம் தான் மவுசு, இன்னிக்கு ஆர்எக்ஸ்ஜிக்கும் ஆர்எக்ஸ் 135க்கும் 100 டேங்கும் பேட்ஜும் போட்டு ஓட்றவங்க எவ்ளோ பேரு.

கன்வெர்ஷன்ங்கற யோசனை இங்க தான் முளைக்குது. 1959 பர்ஸ்ட்டும் 1953 கோல்ட்டாப்பும் ஒரே ஃபேக்டரி, ஒரே மரம், ஒரே கோந்து. மேல இருக்கற சாமானையும் பெயிண்ட்டையும் மாத்திட்டா அதுவே இதுவாகிடாதா?

நாலு வார்த்தைய முதல்ல பிரிச்சுக்குவோம்

இதுல குழப்பிக்கறதால தான் பாதி சண்டையே வருது.

ரீஃபின்னா பெயிண்ட் மட்டும் திரும்ப அடிச்சது. கன்வெர்ஷன்னா நிஜமான பழைய கிட்டார் ஒண்ணை, பின்னாடி வந்த அதே குடும்பத்து மாடல் மாதிரி மாத்தினது. ரெப்ளிகான்னா புது மரத்துல பழசு மாதிரி செஞ்சது. ஃபேக்னா இந்த மூணுல எதையாவது செஞ்சுட்டு அசல்னு சொல்லி விக்கறது. அதாவது ஃபேக்ங்கறது வேலைல இல்ல, விக்கற வாய்ல இருக்கு. அதே கிட்டார் ஒருத்தர் கைல கன்வெர்ஷன், அடுத்தவர் கைல ஃபேக்.

மாத்தறதுல என்னென்ன வேலை

வரிசையா பாப்போம், கஷ்டமானது முதல்ல.

1. நெக் சாய்வு

கிட்டார் நெக் உடம்போட நேர்கோட்டுல இருக்காது, லேசா பின்னாடி சாஞ்சு இருக்கும். எவ்ளோ சாயுதோ அவ்ளோ உயரத்துல கம்பி பிரிட்ஜ் கிட்ட உடம்ப விட்டு எழும்பி நிக்கும். 1952 கிட்டார்ல சாய்வு சுமார் 1 டிகிரி தான், 1950கள் முடியற நேரத்துல அது 4 டிகிரிக்கு பக்கத்துல வந்துடுச்சு. கேக்க சின்ன நம்பர், ஆனா 1952 கிட்டார்ல கம்பி உடம்ப ஒட்டியே போறதால அதுக்கு அடில ட்யூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜ நிக்க வைக்க இடமே கிடையாது.

இதுல ஒரு வேடிக்கை. லெஸ் பால் யோசிச்ச ட்ரபீஸ்ல கம்பி கட்டைக்கு மேல போகணும். ஃபேக்டரில சாய்வு பத்தல, அதனால கட்டைக்கு அடில சுத்தி விட்டுட்டாங்க. அடில போனா வலது கையோட உள்ளங்கைய கம்பி மேல வெச்சு சத்தத்த அமுக்கி வாசிக்கற முறையே நடக்காது, ராக் வாசிக்கறவனுக்கு அது இல்லாம சோறு இறங்காது. அதனால தான் 1952 மாடல் இருக்கறதுலயே கம்மி விலை, அதனால தான் கன்வெர்ஷனுக்கு முதல்ல மாட்றதும் அதுவே.

சரி பண்ண நெக்க கழட்டணும். பழைய கிப்சன்ல நெக்கு உடம்புக்குள்ள நீளமா ஒரு நாக்கு மாதிரி போய் விலங்குத் தோல்ல காய்ச்சுற கோந்துல ஒட்டி இருக்கும், இது சூட்டுக்கும் ஆவிக்கும் இளகும், அதனால கழட்ட முடியும். கழட்டி, புது சாய்வுக்கு மரத்த செதுக்கி, சில்லு வெச்சு திரும்ப ஒட்டணும். கை தேர்ந்த ஆள் செஞ்சா 50 வருஷம் நிக்கும். அரைகுறை ஆள் செஞ்சா ஆவி பட்டு லாக்கர்ங்கற மேல் பூச்சு வெளுத்து, பொருத்து ஆடி, சத்தமும் செத்துடும்.

இன்னொரு வழியும் இருக்கு. நெக்க தொடாம, ட்ரபீஸ் இருந்த இடத்துலயே மாட்டற மாதிரி புது டிசைன்ல கட்டை இப்ப கிடைக்குது, கம்பி மேல சுத்தி வரும், துளை ஒண்ணும் போட வேணாம், நாளைக்கு கழட்டி பழையத மாட்டிக்கலாம். என்னைக் கேட்டா 1952 அசல் நிலமைல இருந்தா இதுக்கு மேல ஒண்ணுமே செய்யக் கூடாது.

2. பிரிட்ஜ்

1953, 54ல ஏற்கனவே ரெண்டு போல்ட் துளை இருக்கும், ட்யூன்-ஓ-மேட்டிக்குக்கு கூட ரெண்டு துளை போடணும். சின்ன துளை தான், ஆனா மேப்பிள் தொப்பில போட்ட துளைய அடைச்சாலும் தெரிஞ்சுட்டே இருக்கும்.

3. பிக்கப்

பி-90ங்கறது காந்தம், அதுக்கு மேல சுமார் 10,000 சுத்து மெல்லிய செம்புக் கம்பி. ஒத்தைக் காயில். கரகரன்னு நல்ல குரல் தான், ஆனா ட்யூப்லைட், டிம்மர், மெயின் லைன் எது பக்கத்துல இருந்தாலும் அந்த இரைச்சலையும் சேத்து இழுத்துக்கும். கிப்சன்ல வேலை பார்த்த சேத் லவர் ரெண்டு காயில எதிரெதிரா சேத்தாரு, கம்பி அதிர்வுல வர்ற சிக்னல் கூடும், வெளில இருந்து வர்ற இரைச்சல் ஒண்ணுக்கொண்ணு அடிச்சுக்கிட்டு போயிடும். அதான் ஹம்பக்கர். 1955ல பேட்டன்ட்டுக்கு போட்டாரு, 1959ல தான் கிடைச்சுது. நடுவுல பிக்கப்போட அடில பேட்டன்ட் கேட்டிருக்கோம்ங்கற அர்த்தத்துல ஒரு குட்டி ஸ்டிக்கர் ஒட்டினாங்க, அந்த ஆங்கில வார்த்தைகளோட முதல் எழுத்து தான் பிஏஎஃப். இன்னிக்கு அந்த ஸ்டிக்கர் ஒட்டின பிக்கப் ஒண்ணு வாங்கற காசுல நல்ல புது கிட்டாரே ஒண்ணு வாங்கலாம்.

பிஏஎஃப்ல என்ன அப்படி விசேஷம்? பாதி அறிவியல், பாதி அசிரத்தை. ஒரு காயிலுக்கு 5,000 சுத்துன்னு கணக்கு, ஆனா சுத்தற மெஷின் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல நிக்காது, கையிருப்புல எந்த ரக அல்நிகோ காந்தம் இருக்கோ அதைப் போடுவாங்க, அதனால ஒண்ணு 7 கிலோ ஓம் காட்டும், இன்னொண்ணு 9 காட்டும். ஒரே பிக்கப்புக்குள்ள ரெண்டு காயிலும் சமமா இல்லாததால மேல் ஸ்தாயி கொஞ்சம் திறந்து கேக்கும். அன்னிக்கு தரக் கட்டுப்பாடு ஒழுங்கா இருந்திருந்தா இந்த புராணமே கிடையாது.

ஹம்பக்கர் இறங்கறதுக்கு பி-90 குழி பத்தாது, குழி வடிவமும் ஆழமும் வேற, ரூட்டர்ங்கற மரம் குடையற மெஷின் வெச்சு வெட்டணும். வெட்டின மரம் திரும்ப வராது.

4. பெயிண்ட்

தங்க பெயிண்ட்ங்கறது நைட்ரோ லாக்கர்ல பித்தளை மாதிரி உலோகப் பொடி கலந்தது. கை வேர்வை பட்ட இடத்துல பச்சை பூத்திருக்கும், கோயில் குத்துவிளக்குல களிம்பு ஏறற மாதிரியே தான். கோல்ட்டாப் விரும்பறவங்களுக்கு அந்த பச்சை தான் அழகே.

அதை எடுத்துட்டு பாத்தா அடில என்ன இருக்கும்னு எடுக்கறவனுக்கே தெரியாது. பெயிண்ட் மூடிடும்ங்கறதால கோல்ட்டாப்புக்கு ஃபேக்டரில மேப்பிள பாத்துப் பொறுக்கல. ரெண்டு துண்டு மேப்பிள் நடுவுல சேராம ஓரமா சேந்திருக்கும், சிலதுல மூணு துண்டு, சிலதுல ரேகையே இல்லாம சப்புன்னு இருக்கும். புலி வரி மாதிரி அலையலையா ரேகை ஓடற தொப்பி கோல்ட்டாப்புக்கு அடில கிடைக்கறது லாட்டரி. சிலர் இதுக்காகவே பழைய தொப்பிய சீவித் தள்ளிட்டு புது வரி மேப்பிள ஒட்டுவாங்க. அது எனக்கு கன்வெர்ஷன் கணக்குலயே வராது, பாதி கிட்டார தூக்கிப் போட்டாச்சே.

கலர்லயும் ஒரு விஷயம். அசல் பர்ஸ்ட்ல போட்ட சிவப்பு சாயம் வெயில்ல வெளுக்கும். ஷோரூம் ஜன்னல்ல நின்ன கிட்டார்ல சிவப்பே போய் எலுமிச்சை மஞ்சள் மட்டும் நிக்கும், சிலது டீ கலருக்கு வரும். அதனால கன்வெர்ஷன் பண்றவங்க புதுசா அடிக்கும்போதே வெளுத்த கலரா அடிக்கறாங்க. பின்பக்கம்னு ஒண்ணு இருக்கறத பலர் மறந்துடறாங்க: கோல்ட்டாப்புக்கு பின்னாடி பெரும்பாலும் பழுப்பு மஹாகனி, பர்ஸ்ட்டுக்கு செர்ரி சிவப்பு. விவரமான சிலர் பின்பக்க அசல் பழுப்ப அப்படியே விட்டுட்டு மேல மட்டும் மாத்தறாங்க, பாத்த உடனே இது கன்வெர்ஷன்னு தெரியும், பாதி கிட்டார் அசலாவும் இருக்கும். எனக்கு பிடிச்ச வழி அது தான்.

5. சில்லறை வேலை

ஃப்ரெட்டு (விரல் பலகைல குறுக்க பதிச்ச உலோகப் பட்டை), கெப்பாசிட்டர், குமிழ். 1959ல ஃப்ரெட்டு அகலமாச்சு, அதனால ரீஃப்ரெட். இதுக்கு மட்டும் சந்தைல யாரும் ரொம்ப முகம் சுளிக்க மாட்டாங்க. வீணைக்கு மெழுகு இளகிப் போனா திரும்ப மேளம் கட்றாங்கல்ல, அதனால வீணை அசல் இல்லன்னு யாராவது சொல்றாங்களா?

விலைக் கணக்கு

இப்ப முதல் கேள்விக்கு வரலாம். ஒரு அசல் 1954 கோல்ட்டாப் நல்ல நிலமைல 100 ரூபான்னு வெச்சுக்கங்க. புரியறதுக்கு தான் இந்த நம்பர்.

1. அதை எடுத்து பர்ஸ்ட்டா மாத்தினா, பெயிண்ட் போச்சு, குழி வெட்டியாச்சு, 50க்கு இறங்கிடும். மாத்தறதுக்கு ஆன கூலி தனி. நஷ்டம்.

2. அதே கிட்டார 1970கள்லயே யாரோ சுரண்டி கருப்பு அடிச்சு, ஹம்பக்கருக்கு குழியும் வெட்டி வெச்சிருந்தா அது ஏற்கனவே 50ல தான் நிக்குது. அதை நேர்த்தியா பர்ஸ்ட்டா மாத்தினா 60, 70ன்னு ஏற வாய்ப்பு இருக்கு, ஏன்னா கெட வேண்டியது ஏற்கனவே கெட்டாச்சு.

3. அதுல நிஜ பிஏஎஃப் ரெண்டு மாட்டினா அந்த பிக்கப் விலை அப்படியே மேல ஏறும், ஆனா அது பிக்கப்போட விலை. நாளைக்கே தனியா கழட்டி வித்துக்கலாம்.

4. அசல் பர்ஸ்ட்டோட விலை? அது ஆயிரத்துக்கும் மேல எங்கயோ நிக்குது, பல லட்சம் டாலர். கன்வெர்ஷன் அதை எட்டிப் பாக்கவே முடியாது.

ஆக வாசிக்கறதுக்கு பர்ஸ்ட் மாதிரி ஒண்ணு வேணும், கோடி இல்ல, லட்சம் இருக்குங்கறவங்களுக்கான பொருள் தான் கன்வெர்ஷன். சத்தத்துல அசலுக்கும் இதுக்கும் கண்ணக் கட்டிட்டு வித்தியாசம் சொல்றது ரொம்ப கஷ்டம்னு தான் நான் நினைக்கறேன், ஏன்னா அதே மரம், அதே வயசு, அதே பிக்கப். அப்ப அந்த பத்து மடங்கு காசு எதுக்கு? அந்த குறிப்பிட்ட மரத்துண்டு மேல அந்த குறிப்பிட்ட வருஷம் அந்த ஃபேக்டரில பெயிண்ட் அடிச்சாங்கங்கற சரித்திரத்துக்கு. சரித்திரத்த ரூட்டர் வெச்சு வெட்ட முடியாது.

ஜெஃப் பெக் கிட்டார் கணக்கும் இதே தான். அதை மாத்தினதுல பழைய சரித்திரம் அழிஞ்சுது, ஆனா அதுக்கு மேல பெக் 1972ல இருந்து வாசிச்சு புதுசா ஒண்ண எழுதிட்டாரு, 1975 ஆல்பம் அட்டைலயே அந்த கிட்டார் தான். ராக் பாடகர் நீல் யங் வெச்சிருக்கற 1953 கோல்ட்டாப்புக்கு கருப்பு அடிச்சு, ஃபயர்பேர்ட் பிக்கப் போட்டு, பிக்ஸ்பிங்கற கம்பி ஆட்டற கைப்பிடி மாட்டி என்னென்னவோ ஆச்சு, அதை யாராவது ரீஃபின்னு விலை குறைப்பாங்களா? கிட்டாரிஸ்ட் டுவேன் ஆல்மன் 1970ல தன்னோட 1957 கோல்ட்டாப்ப ஒரு பர்ஸ்ட்டுக்கு மாத்திக்கும்போது கோல்ட்டாப்ல இருந்த பிக்கப்ப மட்டும் கழட்டி பர்ஸ்ட்டுக்கு எடுத்துட்டு போயிட்டாரு. பிக்கப் மாறிப்போன அந்த கோல்ட்டாப் 2019 ஏலத்துல 12.5 லட்சம் டாலர். வாசிச்ச கை பெருசா இருந்தா ஸ்க்ரூ எண்ண மாட்டாங்க. உங்க கிட்டாருக்கும் என் கிட்டாருக்கும் எண்ணுவாங்க.

ஃபெண்டர் பக்கம் சுருக்கமா

ஃபெண்டர்ங்கறது கிப்சனுக்கு போட்டி கம்பெனி. அவங்க கிட்டார்ல நெக்கே நாலு ஸ்க்ரூல தான் நிக்குது, மாத்தறது ரொம்ப சுலபம், அதனாலயே நம்பறது ரொம்ப கஷ்டம். கிளாப்டனோட ப்ளாக்கிங்கற பேர் பெத்த கிட்டாரே 1970ல மலிவா வாங்கின பழைய ஸ்ட்ராட் கிட்டார்கள்ல மூணுல இருந்து பொறுக்கி சேத்தது தான், 2004ல 9,59,500 டாலருக்கு போச்சு. ஒத்தைப் பிக்கப் எஸ்க்வயர ரெட்டைப் பிக்கப் டெலிகாஸ்டரா மாத்தறது இன்னும் சுலபம்: பல பழைய எஸ்க்வயர்ல பிக்கார்டுங்கற மேல் தகடுக்கு அடில நெக் பிக்கப்புக்கான குழி ஃபேக்டரிலயே வெட்டி இருக்கும். மரத்த தொட வேணாம், பிக்கார்ட பத்திரமா எடுத்து வெச்சுட்டு வேற ஒண்ணு மாட்டினா முடிஞ்சுது.

ஒண்ணு பர்ஸ்ட் ஆகும்போது இன்னொண்ணு என்ன ஆகுது

இத யாரும் அதிகம் பேசறதில்ல. பிஏஎஃப் 1950கள்ல இருந்து 1962 வாக்குல வரைக்கும் தான் வந்துச்சு, புதுசா யாரும் செய்ய முடியாது. கன்வெர்ஷனுக்கு மாட்ற பிஏஎஃப் எங்க இருந்து வருது? 1957, 58ல வந்த ஈஎஸ்-175 ஜாஸ் கிட்டார்ல இருந்து, மடில வெச்சு வாசிக்கற ஸ்டீல் கிட்டார்ல இருந்து. அந்த கிட்டார எல்லாம் வயித்த கிழிச்சு சிறுநீரகம் எடுத்த மாதிரி எடுத்துட்டு, புது பிக்கப் போட்டு பாதி விலைக்கு தள்ளி விடறாங்க. புதுப்பேட்டைல முழு வண்டிய விட பிரிச்சு வித்தா காசு ஜாஸ்திங்கற கணக்கு தான், ஆனா அங்க பிரிக்கறது ஓடாத வண்டிய, இங்க பிரிக்கறது நல்லா பாடிட்டு இருந்த கிட்டார. இன்னிக்கு நல்ல நகல் பிஏஎஃப் பல பேர் காயில் சுத்தி செய்யறாங்க, கன்வெர்ஷன் பண்றவங்க அதை போட்டுட்டு போகலாம்.

அதே ஸ்டிக்கர் பத்தி இன்னொரு துணுக்கு. 1962க்கு அப்புறம் பேட்டன்ட் நம்பரோட புது ஸ்டிக்கர் ஒட்டினாங்க: 27,37,842. அது ஹம்பக்கரோட நம்பரே இல்ல. ட்ரபீஸுக்கு லெஸ் பால் வாங்கின நம்பர்.

கண்டுபிடிக்கறது எப்படி

1. சீரியல் நம்பர். 1953ல இருந்து தலைக்கு பின்னாடி மை ஸ்டாம்ப்ல நம்பர் இருக்கும், முதல் இலக்கம் தான் வருஷம். 4ல ஆரம்பிச்சா 1954, 9ல ஆரம்பிச்சா 1959. பர்ஸ்ட் பெயிண்ட், ஹம்பக்கர், நம்பர் 4ல ஆரம்பிக்குதுன்னா அது நேர்மையான கன்வெர்ஷன். பெயிண்ட் புதுசு, நம்பர் மட்டும் 9ன்னு பளிச்சுன்னு இருந்தா உஷாராகணும். 1952ல பெரும்பாலும் நம்பரே கிடையாது, தலை காலியா இருக்கும், காலி இடத்துல யாரும் எதையும் அடிக்கலாம். சேசிஸ் நம்பர் பஞ்ச் பண்ண வண்டிய ஆர்சி புக்கோட ஒத்துப் பாக்கற அதே கண்ணு தான் இதுக்கும் வேணும், என்ன, இங்க ஆர்சி புக் கிடையாது.

2. யூவி லைட். வயசான நைட்ரோ லாக்கர் யூவில பச்சை கலந்த மஞ்சளா ஒளிரும், புதுசா அடிச்ச இடம் இருட்டா இருக்கும். ரூபா நோட்டு பாக்கற லைட்டே போதும். இதையும் ஏமாத்த வழி இருக்கு, அதனால இது மட்டும் பத்தாது.

3. பாட்ஸ், அதாவது வால்யூம், டோன் குமிழுக்கு அடில இருக்கற பாகம். அதோட முதுகுல நம்பர் இருக்கும், முதல் மூணு இலக்கம் தயாரிச்ச கம்பெனி, மிச்சம் வருஷமும் வாரமும். 134 58 32ன்னு இருந்தா சென்ட்ராலேப் கம்பெனி, 1958, 32வது வாரம். பாட் கிட்டார விட புதுசுன்னா வயரிங் மாறியிருக்கு. பழைய சால்டர் மங்கிப் போய் இருக்கும், பளபளன்னு இருந்தா யாரோ கை வெச்சிருக்காங்க.

4. குழி. பிக்கப்ப தூக்கிப் பாருங்க. ரூட்டர் வெட்டு புதுசா, பெயிண்ட் குழிக்குள்ள வழிஞ்சிருக்கா, பி-90 குழியோட மிச்சம் வளையத்துக்கு அடில எட்டிப் பாக்குதா. பெயிண்ட் பொய் சொல்லும், குழி சொல்லாது.

சென்னைல இருந்து வாங்கறவங்களுக்கு

மவுண்ட் ரோடு மியூசி மியூசிக்கல் கடை 1842ல இருந்து இருக்கு, கிப்சன் கம்பெனியே 1902ல தான் வந்துச்சு, ஆனா அந்த காலத்து கலமசூ கிட்டார் நம்ம ஊர்ல சும்மா கடைல தொங்கிட்டு இருக்காது. வெளிய இருந்து தான் வரணும். அங்க தான் பெரும்பாலானவங்க விழறாங்க.

1. மரத்துக்கு பேப்பர். 1950கள் லெஸ் பால் பலகை பிரேசில் ரோஸ்வுட். 1992ல இருந்து அது சைட்டீஸ்ங்கற, அழியற ஆபத்துல இருக்கற மரம், மிருகங்களோட வியாபாரத்த கட்டுப்படுத்தற உலக ஒப்பந்தத்துல முதல் பட்டியல்ல இருக்கு, இந்தியாவும் அதுல உறுப்பு நாடு. தடை வர்றதுக்கு முன்னாடி செஞ்சதுங்கற சான்றிதழ் இல்லாம நாடு விட்டு நாடு போனா பறிமுதல் ஆகலாம். 2019 நவம்பர்ல இசைக்கருவிக்கு விலக்கு குடுத்தாங்களேன்னு சிலர் சொல்வாங்க, அது நம்ம ஈட்டி மரம் மாதிரி ரெண்டாம் பட்டியல்ல இருக்கற ரோஸ்வுட்டுக்கு, பிரேசிலுக்கு இல்ல. கன்வெர்ஷன்னாலும் பலகை பழையது தான், சட்டம் ஒண்ணு தான்.

2. வெயில். தோல் கோந்து சூட்டுக்கு இளகும்னு பாத்தோம். மே மாசம் பீச்ல பூட்டின காருக்குள்ள கிட்டார வெச்சுட்டு போனா, காசு குடுத்து பண்ண நெக் ரீசெட் தானா இன்னொரு தடவை ஆகும். ஏசி ரூம்ல இருந்து நேரா வெளிய எடுத்து கேஸ திறக்காதீங்க, நைட்ரோ பட்டுன்னு விரிசல் விடும். கேஸ மூடியே வெச்சு அரை மணி நேரம் விட்டுட்டு திறங்க.

3. கைல ஏற்கனவே 1970கள் லெஸ் பால் டீலக்ஸ் மாதிரி ஒண்ணு இருந்தா. டீலக்ஸ்ல மினி ஹம்பக்கர் இருக்கும், அதை கிப்சன் பி-90 குழிக்குள்ளயே, பி-90 மூடிய நடுவுல வெட்டி வளையமா வெச்சு மாட்டினாங்க. அதனால பி-90 வேணும்னா மரத்த தொடாம அப்படியே இறக்கலாம், ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு நல்ல சால்டரிங் அயர்ன் வாங்கினா வீட்லயே ஆகற வேலை. முழு சைஸ் ஹம்பக்கர் தான் வேணும்னு அடம் பிடிச்சா பி-90 வடிவத்துலயே ஹம்பக்கர் செஞ்சு விக்கறாங்க, அதை வாங்குங்க, ரூட்டர கூப்பிடாதீங்க.

4. கழட்டற எதையும் குப்பைல போடாதீங்க. பழைய பாட், கெப்பாசிட்டர், பிக்கப் வளையம், துருப்பிடிச்ச ஸ்க்ரூ உட்பட எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு, என்னிக்கு எதை மாத்தினீங்கன்னு ஒரு துண்டு சீட்டும் போட்டு கேஸ்லயே வெச்சிடுங்க. 1952ன்னா அந்த யாருக்கும் பிடிக்காத ட்ரபீஸையும் சேத்து. விக்கற அன்னிக்கு வாங்க வர்றவர் கிட்டார கைல எடுக்கறதுக்கு முன்னாடி அந்த கவரத்தான் கேப்பாரு.